எதிராளியின் பார்ட்

நாடகத்தில் கேட்ட பார்ட்டை அண்ணன் யாருக்கும் கொடுத்ததே இல்லை. ராணியாகப் பேச ஆசைப்பட்டுப் போன எனக்குக் கிடைத்தது ராணியின் மாமியார். அதிலும் சும்மா மாமியார் இல்லை. மருமகள் கஞ்சி குடிக்கும்போது பின்னால் வந்து நின்று, "உப்பு போதுமா?" என்று கேட்கிற மாமியார். என் மாமியார் அதே வார்த்தையை அதே மாதிரி நின்றுதான் கேட்பார். இது அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் வீட்டு விஷயத்தை யாரிடமும் சொல்கிறவள் இல்லை. கிளினிக்கில் கூட வேலை செய்கிற நான்கு பேரைத் தவிர.

சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். புக்கிட் பெலண்டோக் போகிற சாலையில் கடைவரிசையில் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு வீடு எல்லாவற்றுக்கும் அவருடைய ஸ்பீக்கர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு வைத்திருப்பார். கோபம் வந்தால் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அது கரையும்வரை பேசமாட்டார். நாங்கள் மைக்கில் பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பார். "மூஞ்சியப் பாத்தா ஏமாந்துருவேன்லா" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்தக் கடையின் பின்பக்கம் நாங்கள் நாடகம் போட்டோம். படமில்லாத நாடகம், காதால் மட்டும் கேட்பது. பழைய ராஜா ராணிக் கதை, தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம், ஜப்பான்காரன் காலம் என்று எதை எடுத்தாலும் ஆளுக்கொரு குரல் வேண்டும் அவருக்கு. ஒரே ஆள் நான்கு குரலில் பேசிவிடலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அது மிமிக்ரி. கல்யாணத்துல சாப்பாட்டுக்கு முன்னாடி பண்றது. நாடகம்னா ஒருத்தன் பேசுறப்ப இன்னொருத்தன் மூச்சு கேக்கணும்" என்றார். அதனால் சந்தைக் கூட்டம் வருகிற காட்சி என்றால் கல்யாணச் சமையல்காரர்களைக்கூடப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

சுவரெல்லாம் பழைய மெத்தை ஆணியடித்து மாட்டியிருக்கும். ரெக்கார்டிங் ஆரம்பித்தால் காற்றாடியை நிறுத்திவிட வேண்டும். வேர்த்து ஊற்றும். எவ்வளவு மெத்தை மாட்டியும் ஒன்றை மட்டும் தடுக்க முடியவில்லை. பக்கத்துக் கடையின் மேல்மாடியில் குருவிக்கூடு வளர்த்தார்கள், சூப் வைக்க நல்ல விலைக்குப் போகிற கூடு. குருவிகளை வரவழைக்க நாளெல்லாம் ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். எங்கள் நாடகங்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அரண்மனையில் குருவி கத்தும், போர்க்களத்தில் குருவி கத்தும், நட்டநடு இரவில் பேய் வரும்போதும் குருவி கத்தும். முடிந்த நாடகத்தை அண்ணன் இன்டர்நெட்டில் போட்டுவிடுவார்; லோரி ஓட்டுகிறவர்கள், காவல்காரர்கள், சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் என்று போனில் கேட்க ஆள் இருந்தார்கள். குருவியைப் பற்றி ஒருத்தரும் புகார் சொன்னதில்லை.

யாருக்கு எந்தப் பார்ட் என்பதில்தான் அவருடைய பிடிவாதம் முழுவதும் இருந்தது. உனக்கு யார் மேல் கோபமோ அவனுடைய பார்ட்டைத்தான் உனக்குக் கொடுப்பார். மாணவனாக இருந்தபோது அடிவாங்கியவனுக்கு வாத்தியார் பார்ட். வட்டிக்காரனிடம் மாட்டியவனுக்கு வட்டிக்காரன் பார்ட். முகம் சுளித்தால் ஒன்று சொல்வார். "ஒன் நியாயம் ஒனக்கு மனப்பாடம். அதுக்கு மைக் வேணாம்."

என் விஷயத்தில் அது பலித்தது என்பதை மறைப்பானேன். உப்பு போதுமா என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில், மாமியார் கேட்பதற்கு முன்னால் தொண்டைக்குள் செருமுவாரே, அந்தச் செருமல் தானாக எனக்கு வந்துவிட்டது. வந்தபோது தெரிந்தது, அது பயந்த மனுஷியின் செருமல். பேச்சுக் கொடுக்க வேறு வழி தெரியாமல் உப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அன்று சாயங்காலம் வீட்டில் அவர் வழக்கம்போல் கேட்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போதும் மாமி, ஒங்களுக்கு?" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அப்படித் திருப்பிக் கேட்டதே இல்லை. மனுஷி அரண்டுபோய் அடுப்படிக்குள் போய்விட்டார். அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கொஞ்சம் தேவலை.

ஆகவே நான் அண்ணனுக்கு விசிறி. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

முதல் உறுத்தல் சயாம் நாடகத்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் சயாம் என்றால் போதும், பழைய குடும்பங்களில் ஒரு பெருமூச்சு கேட்கும். ஜப்பான்காரன் காலத்தில் அங்கே ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. எங்கள் குழுவில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கும் முனியாண்டி இருந்தான். அவன் தாத்தா அப்படிப் போனவர். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிதான் பேர் எழுதிக் கொடுத்தான் என்பது அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கும் ஆத்திரம். இன்னொருவர் லுக்குட்டில் இருக்கும் மாஸ்டர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணத்து வம்சம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் தோட்டத்து ஆபீஸில் கிராணிகள்.

பார்ட் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். முனியாண்டிக்குக் கிராணி. மாஸ்டருக்குச் சயாமுக்குப் போகிற கூலியாள்.

மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணை, எனக்கு உந்தத் தோட்டத்து ஆக்கள் மாதிரிக் கதைக்க வராது. கிராணியை எனக்குத் தாரும்."

"கிராணி ஒங்களுக்கு மனப்பாடம் மாஸ்டர். முனியாண்டிக்குத்தான் தெரியாது."

மாஸ்டர் பெண்டாட்டியிடம் விடைபெறும் கட்டத்தில், "அழாதையும், நான் கெதியா வந்துடுவன்" என்று அச்சு யாழ்ப்பாணத் தமிழில் சொல்லிவைக்க, நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "ஐயா, சயாமுக்குப் போனது எங்க தாத்தாவா, ஒங்க மாமாவா?" என்று முனியாண்டி கேட்டான். மாஸ்டரும் சிரித்தார். அப்புறம் முனியாண்டியின் முறை வந்தது. கிராணி சொல்ல வேண்டிய வசனம் இதுதான்: "நான் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதுவான். அவன் முதலில் எழுதுவது என் பேராக இருக்கும். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. தாளைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் மோட்டார் மேல் உட்கார்ந்துவிட்டான். யாரும் போய்க் கூப்பிடக் கூடாது என்று அண்ணன் கையைக் காட்டினார். வெகுநேரம் கழித்து அவனே வந்தான். ஒரே மூச்சில் சொன்னான். எதிர் மைக்கில் மாஸ்டர் நிஜமாகவே அழுதுவிட்டார். முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து தண்ணி குடிக்கப் போனார்கள். எங்கள் நாடகங்களில் அதிகம் பேர் கேட்டது அதுதான்.

ஆனால் முனியாண்டி பிறகொரு நாள் கிளினிக்குக்கு இருமலுக்கு மருந்து வாங்க வந்தபோது என்னிடம் சொன்னான். "ஜெயாக்கா, இத்தன வருசமா அந்தக் கிராணியத் திட்டிக்கிட்டே இருந்தோம். இப்ப திட்டலாம்னா வாய் வரமாட்டேங்குது. எங்க தாத்தாவுக்குன்னு நாங்க வச்சிருந்தது அது ஒண்ணுதான்லா. அதையும் அண்ணன் வாங்கிக்கிட்டாரு."

நான் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, வேல செஞ்சிருச்சு!" என்றார். எனக்கு என்னவோ போலிருந்தது.

ஏன் இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு பித்து என்பதை ஒருமுறை அவரே சொன்னார். போர்ட்டிக்சன் பக்கம் ஒரு திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டப் போகிற வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் சுவாவைத் தாண்டியதும் செம்பனைக் காட்டைக் காட்டி, அந்தப் பக்கம்தான் தான் பிறந்த லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், இருந்தது என்றார். அவர் அப்பா அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோர். கெட்ட வாய், விரட்டி விரட்டி வேலை வாங்குகிறவர், லயம் முழுக்கப் பகை. "அவரு செத்தப்ப பாடைக்குத் தோள் குடுக்க லயத்துல ஒரு ஆள் வர்ல. இந்தோனேசியாக்காரனுங்கதான் தூக்குனானுங்க. அவரு பக்கமும் ஏதாச்சும் ஒண்ணு இருந்திருக்கும்ல? எவனும் கேக்கல."

 கொஞ்ச தூரம் போனபின், "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். அவர் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். போர்ட்டிக்சன் வரும்வரை பேசவில்லை.

கோமதியைக் குழுவுக்குக் கூட்டிவந்தது நான்தான். சுவாவில் ஒரு மினி மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருவாள். முப்பத்தைந்து வயது. பிள்ளைகள் இல்லை. பெண்களில் அப்படிக் கனத்த குரலை நான் கேட்டதில்லை. "மீதி சில்லற இருக்கா?" என்று அவள் கேட்டாலே கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். புருஷன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். அவன் அவளை அடிப்பான். வெயில் எரிக்கிற மத்தியானத்தில் அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து நானாகக் கண்டுபிடித்துக் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். சிரம்பானில் அவள் அக்கா ஃப்ளாட்டில் இருக்கிறாள், வரச் சொல்கிறாள் என்றும் சொன்னாள். துணிமணிகளைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் அங்கே வைக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் ராஜா கதை வந்தது. கோபத்தில் ராணியைக் கைநீட்டி அடித்து அரண்மனையை விட்டே துரத்திவிடுகிற ஒரு ராஜா. கடைசிக் கட்டத்தில் சபை நடுவே நின்று தன் நியாயத்தைச் சொல்லுவான். அண்ணன் எழுதியது. எழுத்தில் அவர் சாமர்த்தியசாலி. அந்த ராஜா பார்ட்டைக் கோமதிக்குக் கொடுத்தார்.

"பொம்பளயப் போயி ராஜாவா?" என்றேன்.

"கொரல்ல மீசையா தெரியுது?" என்றார். பிறகு என்னைத் தனியாகப் பார்த்தபோது, "கையில அடி இருக்கு அந்தப் புள்ளைக்கு. அதான் குடுத்தேன். அடிக்கிறவன் உள்ளுக்குள்ள எவ்ளோ சின்னவன்னு தெரிஞ்சா பயம் போயிரும்லா" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த வசனம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "கை என்னுடையது. ஓங்கியதும் நான்தான். ஆனால் எல்லையில் பகைவன் நின்றான், வாசலில் பஞ்சம் நின்றது. என்னைக் கண்டு பயப்பட இந்த உலகத்தில் ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். அவளும் நிமிர்ந்து பார்த்தால் நான் எங்கே போவேன்?"

கோமதி பேசினாள் என்று சொல்வது போதாது. அறை முழுவதும் அவள் குரல் நிறைந்தது.  ராணியாகப் பேசிக்கொண்டிருந்த பெண் தன் வசனத்தை மறந்துவிட்டாள். அண்ணன் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தவர் எழுந்து சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் குருவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவளிடம் சிரம்பானுக்கு எப்போது போகிறாய் என்று கேட்டேன்.

"போகலக்கா."

"ஏன்டி?"

"அவரு லோரி மொதலாளிகிட்ட தெனம் ஏச்சு வாங்கிட்டுத்தான் வர்றாரு. சம்பளத்தப் புடிச்சிக்கிறாங்க. அவரக் கண்டு பயப்பட நான் ஒருத்திதான இருக்கேன். நானும் போயிட்டா அவரு எங்க போவாரு?"

"அதுக்கு நீ ஏன்டி பயந்துகிட்டு நிக்கணும்? அவனக் கண்டு பயப்படுறதுக்கு ஒரு பூனைய வாங்கி வளத்துக்கட்டும்" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். முடிவு எடுத்துவிட்டவர்கள் சிரிக்கிற சிரிப்பு. நான் அண்ணனிடம் ஓடினேன். "அந்தப் புள்ள போகாம நின்னுட்டா. நீங்க சொல்லி அனுப்புங்க" என்றேன். அவர் கிராம்பு எடுக்கவில்லை. அமைதியாகச் சொன்னார். "மனசு எளகியிருக்கு. நல்லதுதானே. அவ புருசனும் நாடகத்தக் கேட்டானாம், லோரியில போட்டுக்கிட்டுத் திரியுறானாம். ஒருவேளை அவனுக்கும் ஒறைக்கும்லா. கொஞ்சம் பொறு." அவர் மேல் எனக்கு வந்த முதல் கோபம் அது.

சில மாதம் பொறுத்தோம். ஒரு மத்தியானம் கிளினிக்குக்கு அவள் தானாகவே நடந்து வந்தாள். இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். டாக்டர் பார்த்துவிட்டு செவிப்பறை கிழிந்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், போலிஸ் ரிப்போர்ட்டும் செய்தாக வேண்டும் என்றார். அவளை ஏற்றிப்போக என்னிடம் காடி இல்லை. அண்ணனுக்குப் போன் பண்ணினேன். ஸ்பீக்கர் பெட்டிகளோடு வேனை எடுத்துக்கொண்டு வந்தார்.  அவளைப் பார்த்ததும் பெட்டிகளைத் தள்ளி அவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

ஸ்டேஷனில் ஒரு மலாய்க்காரப் பெண் போலிஸ் இருந்தார். நல்ல மாதிரி. கோமதிக்கு மலாய் தண்ணி பட்ட பாடு, தினமும் கல்லாவில் பேசுகிற பாஷை. ஆனால் அன்று அவளுக்குத் தமிழ்தான் வந்தது. நான் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில், பழக்கதோஷத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

என்ன நடந்தது என்று அந்தப் பெண் கேட்டார். கோமதி ஆரம்பித்தாள்.

"லோரி ரெண்டு நாளா ரிப்பேர். மொதலாளி இவருதான் கெடுத்துட்டாருன்னு ஏசியிருக்காரு. காலையிலேர்ந்து அவரு ஒண்ணும் சாப்பிடல. அவங்கம்மாவுக்கு வேற ஒடம்பு சரியில்ல. மனுசன் எத்தனையத்தான் தாங்குவாரு? கை அவரோடதுதான், ஆனா..."

நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். பாதியில் எனக்கே நாக்குக் கூசியது. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இதெல்லாம் புருஷனின் கதை. நீங்கள் ரிப்போர்ட் கொடுக்க வந்தீர்களா, அவருக்கு ஜாமீன் கேட்க வந்தீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அண்ணன் திரும்பினார். எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். "அவன் பார்ட்ட விடும்மா. நீ ஒன் பார்ட்டப் பேசு."

கோமதி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நல்ல காதை அவர் பக்கம் திருப்பி, சரியாகக் கேட்டுக்கொண்டுதான் பதில் சொன்னாள். "அது எனக்குத் தெரியாதுண்ணே. நீங்க அதக் குடுக்கவே இல்லையே."

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரியாது என்றாள். எல்லோருக்கும் தன் நியாயம் மனப்பாடம் என்று அண்ணன் எந்தத் தைரியத்தில் நம்பினார்? சின்ன வயதிலிருந்து வாயை மூடு என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவளுக்கு அது எங்கிருந்து மனப்பாடம் ஆகும்? எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அந்தப் பெண் போலிஸ் வேறு வழியில் போனார். சின்னச் சின்னதாகக் கேட்டார். எந்தக் கை? வலது கை. நீங்கள் நின்றீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா? மேசைப் பக்கம் நின்றேன். அவர்? நாற்காலியில். அடிப்பதற்கு முன்னால் உங்களை என்ன செய்யச் சொன்னார்?

கோமதி கொஞ்சம் தயங்கினாள். "பேசச் சொன்னாரு."

"என்ன பேச?"

"ராஜா பேசுறத."

அதற்கப்புறம் அவளாகவே சொன்னாள். நாடகம் வெளிவந்த நாளிலிருந்து அவன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தானாம். முதல் தடவை கேட்டு அழுதானாம். இவளும் சேர்ந்து அழுதாளாம். பிறகு குடித்துவிட்டு வருகிற நாட்களில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பேசுடி" என்பானாம். அவள் எதிரில் நின்று முழு வசனத்தையும் பேச வேண்டும். பேசி முடித்ததும், "பாத்தியா, நீயே சொல்லிட்ட" என்று எழுந்து வருவானாம். அன்றைக்கு, வசனம் மறந்துபோய்விட்டது என்று அவனிடம் சொன்னாளாம். அவன் போனில் அதைப் போட்டுவிட்டு, "அந்தா, அவளுக்கு மறக்கல பாரு" என்று சொல்லி அடித்தான்.

"அடிக்கிறப்ப போன்ல என் கொரல் ஓடிக்கிட்டே இருந்துச்சுக்கா. பின்னாடி அந்தக் குருவிச் சத்தம். இந்தக் காதுல கடைசியாக் கேட்டது அதுதான்."

இதை எப்படி மலாயில் சொல்வது? நாடகம், ராஜா, வசனம் எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த வசனத்தை எழுதியது யார் என்றார்.

"சாயா" என்றார் அண்ணன். நான் என்று மலாயில் அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது வேனில் நான் அவரை விடவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஊரில் உள்ள கெட்டவனுக்கெல்லாம் நியாயம் தேடிக் கொடுத்தீர்களே, அடிவாங்கினவளுக்கு ஒரு வரி எழுதினீர்களா என்றேன். ராணிக்கு அந்த நாடகத்தில் என்ன வசனம் வைத்தீர்கள் என்றேன். ராணிக்கு இருந்தது அழுகை மட்டும்தான். ஏசுவதற்கு வார்த்தை தீர்ந்துபோய், "ஒங்கப்பா மண்டோரு, சரி. ஒங்கம்மா ஒரு வாட்டியாவது ஒங்ககிட்ட என்னமாச்சும் சொல்லியிருப்பாங்கல்ல?" என்றேன்.

அவர் வேனை ஓரமாக நிறுத்தினார். "எங்கம்மா பேசி நான் கேட்டதில்ல ஜெயா. அவங்க கொரல் எப்படி இருக்கும்னே எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். பிறகு அழுதார். நான் தேற்றவில்லை. செம்பனை லோரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அவர் அந்த நாடகத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்து என்ன பயன், எத்தனையோ பேர் போனில் அது இருந்தது. குழு தானாகக் கலைந்தது. அவர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்கு ஜொகூருக்குப் போய்விட்டார். முனியாண்டி மட்டும் எப்போதாவது போனில் பேசுகிறான். அந்தப் பக்கம் போகும்போது மெத்தை மாட்டிய அறையை நினைத்துக்கொள்கிறேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் கோமதியின் காது ஞாபகம் வருகிறது.

போவதற்கு முன் அவர் கோமதியைப் பார்க்க வேண்டும் என்றார். சிரம்பானில் அவள் அக்கா ஃப்ளாட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். அதற்குள் நீதிமன்றம் அவள் புருஷனைப் பக்கத்தில் வரக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தது. ஆனாலும் அவன் சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, அவனுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, போய்ச் சேர்ந்து வாழு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் போய்விடுவாளோ என்று அவள் அக்காவுக்குத் தூக்கமில்லை. எனக்கும்தான்.

பிஸ்கட் டின்னை மேசையில் வைத்துவிட்டு அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். கோமதி தன் வலது பக்கத்தில் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள், நல்ல காது அந்தப் பக்கம்தான். இந்த முறை அவர் முதுகைக் காட்டவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்த்து, "என்னை மன்னிச்சிரும்மா" என்றார்.

 சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். அரைக்கையோடு அவளை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதாண்ணே. யாரு மேல கோவமோ அவங்க பார்ட்டப் பேசிப் பாருன்னு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ஒங்க பார்ட்டப் பேசிப் பாத்தேன்."

அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா வருதுண்ணே. நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்கன்னு வருது. ஒங்க மேல தப்பே இல்லன்னுகூட வருது." அந்தக் கனத்த குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "அதான் எனக்குப் பயமா இருக்கு. யார் பார்ட்டக் குடுத்தாலும் எனக்கு நல்லா வந்துருது. இனிமே ஒருத்தர் பார்ட்டும் நான் பேச மாட்டேன். ஒங்களதும்தான். போயிட்டு வாங்கண்ணே."

 அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவர் படியிறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கோமதி எழுந்து போய்க் கிரில் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.